எனக்கு மட்டும் இரண்டு பேர் தெரிந்தார்கள்

பிள்ளைகளே, இது ஆரணியில் எனக்கு நடந்தது. இரண்டாயிரம் பிறந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருக்கும். கார்த்திகை மாதம், விடாத மழை. கமண்டல நாகநதியில் தண்ணீர் வந்துவிட்டது என்று ஊரே பாலத்துக்குப் போய் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த நேரம். அப்போதெல்லாம் எங்களிடம் இருந்த செல்போனில் பேசத்தான் முடியும். இன்டர்நெட் வேண்டுமென்றால் கடைக்குத்தான் போக வேண்டும்.

நான் பட்டு நெசவு செய்கிறவன். பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டேன். எங்கள் வீட்டில் இருப்பது குழித்தறி. தெரியாத பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். தரையில் குழி வெட்டி, அதன் விளிம்பில் உட்கார்ந்து, இரண்டு காலையும் உள்ளே தொங்கவிட்டு, அடியில் இருக்கும் மிதிகளை மிதித்து நெய்ய வேண்டும். கண்ணும் கையும் மேலே இழையோடு இருக்கும். கால் மட்டும் கீழே இருட்டில் இருக்கும். குனிந்து காலைப் பார்க்கிற பழக்கமே எங்களுக்குக் கிடையாது. கொஞ்ச நேரத்தில் அது மரத்தும் போய்விடும். கொசு கடிக்கும், எறும்பு கடிக்கும். ஒரு காலால் இன்னொரு காலைத் தேய்த்துவிட்டு நெய்துகொண்டே இருப்போம். குழிக்குள் போன கால் நம்முடைய கால் இல்லை, தறியுடைய கால் என்பது போலத்தான் இருப்போம்.

மழை நாளில் ஈரக் காற்றுக்குப் பட்டு இழை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பாடாய்ப் படுத்தும். அதனால் காலையில் கொஞ்சம் நெய்துவிட்டு எழுந்துவிடுவேன். எழுந்தால் நேராக என் மச்சானின் பிரவுசிங் சென்டர். மச்சான் என்றால் என் மனைவியின் தம்பி. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு மாடியில் கடை வைத்திருந்தான். அங்கேதான் அந்த விளையாட்டு எனக்குப் பழக்கமானது.

அந்த விளையாட்டில் உலகம் அழிந்துபோய்விட்டது. பெரிய யுத்தம், குண்டு, விஷக்காற்று. பிழைத்தவர்கள் இடிந்த ஊர்களில் தண்ணீருக்கும் மருந்துக்கும் அடித்துக்கொள்கிறார்கள். எங்கெங்கோ இருக்கிற ஆட்கள் ஒரே நேரத்தில் உள்ளே வந்து விளையாடலாம். ஆளுக்கொரு உருவம். விஷக்காற்றில் சுற்றச் சுற்ற அந்த உருவத்தின் உடம்பு மாறும். அதற்கு மியூட்டேஷன் என்று பெயர். ஒவ்வொரு மாற்றமும் ஒன்றைக் கொடுக்கும், ஒன்றைப் பிடுங்கிக்கொள்ளும்.

எல்லோரும் துப்பாக்கி ஆளைத்தான் உருவாக்குவார்கள். ஒளிந்து நின்று சுடலாம் அல்லவா? எனக்கு மட்டும் கிட்டப் போய் அடிக்கிற ஆள்தான் பிடித்தது. கையில் ஒரு கடப்பாரை, அவ்வளவுதான். ஆளை உருவாக்க விளையாட்டு கொடுக்கிற புள்ளிகளை எல்லாம் முதலில் பலத்தில் கொட்டினேன். எதிரியிடம் போய்ச் சேருவதற்குள் சுட்டுத் தள்ளிவிட்டார்கள். கலைத்துவிட்டு வேகத்தில் கொட்டினேன். போய்ச் சேர்ந்தேன், ஆனால் அடி தடவிக்கொடுப்பது மாதிரி விழுந்தது. தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூலை இறுக்கிக் கட்டினால் இழை அறும், தளர்த்தினால் நெசவு தொளதொளவென்று வரும். எங்கோ நடுவில் ஒரு பதம் இருக்கிறது. அந்தப் பதம் கையில் படுகிறவரை கலைத்துக் கலைத்துச் செய்தேன்.

கடைசியில் மூன்று மாற்றங்களைச் சேர்த்தேன். முதலாவதில் கை தடித்துப்போகும். அடி பலமாக விழும், ஆனால் துப்பாக்கி விசைக்குள் விரல் நுழையாது. எனக்கெதற்குத் துப்பாக்கி? இரண்டாவதில், உயிர் குறையக் குறைய அடியின் பலம் ஏறும். சாகப் போகிற நிலையில்தான் என் ஆள் பெரிய பலசாலி. மூன்றாவதில் தோல் மரத்துப்போகும். யார் அடித்தாலும் அசையாமல் நிற்கலாம். அதற்குப் பதிலாக, உயிர் எவ்வளவு மிச்சம் என்று காட்டுகிற கோடு என் திரையிலிருந்து மறைந்துவிடும். கூட விளையாடுகிறவருக்கு மட்டும்தான் அது தெரியும்.

இந்த மூன்றையும் சேர்த்து யாரும் எடுக்க மாட்டார்கள். உயிர் குறைந்தால் பலம், ஆனால் எவ்வளவு குறைந்தது என்று தனக்கே தெரியாது என்றால் யார் எடுப்பார்கள்?

"இன்னா மாமா இது, பேஜார் புடிச்ச ஆளு! தன் உசுரு எவ்ளோ கீதுன்னு தனக்கே தெரியாதாம், இதுல சண்டைக்கு வேற போறாராம்" என்று மச்சான் கடைக்கு வந்தவர்கள் முன்னாலேயே கிண்டல் செய்வான்.

ஆனால் எனக்கு ஒரு கூட்டாளி இருந்தான். தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கிராமம் என்று மட்டும் சொல்லியிருந்தான். முகம் பார்த்ததில்லை, குரல் கேட்டதில்லை. தமிழையே இங்கிலீஷ் எழுத்தில் அடித்துப் பேசிக்கொள்வோம். என்னை 'அண்ணே' என்பான். அவனுடைய ஆள் பின்னால் நின்று மருந்து வீசுகிறவன். என் உயிர்க் கோட்டைப் பார்த்துப் பார்த்து 'முக்கால்', 'பாதி', 'கால்' என்று அடித்துக்கொண்டே இருப்பான். 'கால்' என்று வந்ததும் நான் முழு மூச்சாக இறங்குவேன். 'போதும், பின்னாடி வாங்க' என்றால் மறு பேச்சு பேசாமல் வந்துவிடுவேன். கடையில் கூட்டம் இல்லாவிட்டால் மச்சானும் என் முதுகுக்குப் பின்னால் நின்று அதையெல்லாம் சத்தமாகப் படிப்பான். கிண்டல் செய்தவனுக்கும் அந்த விளையாட்டு பிடித்துவிட்டது.

அன்றைக்கு விடிகிற நேரத்தில் தறியில் உட்கார்ந்தேன். குழியில் ஈரம் ஊறியிருந்ததால் அடியில் ஒரு கோணிப்பை போட்டிருந்தேன். முந்தானை ஓடிக்கொண்டிருந்தது. அதில் கவனம் தப்பினால் பிரிக்க வேண்டிவரும். கணுக்காலில் ஏதோ பட்டது. சுருக்கென்றுகூட இல்லை, ஒரு இழை உரசியது மாதிரிதான். வழக்கம்போல மற்றக் காலால் தேய்த்துவிட்டு, முந்தானையை முடித்துத்தான் எழுந்தேன்.

என் மகள் அப்போது மூன்றாவது படித்துக்கொண்டிருந்தாள். மழைக்காகப் பள்ளிக்கூடம் லீவு. நான் எழுந்தால் போதும், குழிக்குள் காலை விட்டு மிதியை எட்டி எட்டிப் பார்ப்பாள். அதுதான் அவளுக்கு ஊஞ்சல். அன்றும் நான் எழுந்ததும் வந்துவிட்டாள். "மொதல்ல வந்து இட்லி துன்னுட்டு அப்புறம் ஆடு" என்று என் மனைவி அவளை உள்ளே கூப்பிட்டுக்கொண்டாள். நான் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

போகிற வழியிலேயே வயிற்றைப் பிசைந்தது. நேற்று வைத்த குழம்பு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தேன்.

அன்று நானும் கூட்டாளியும் ஒரு பழைய தண்ணீர்த் தொட்டியைப் பிடிப்பதாக ஏற்பாடு. அதற்குக் காவலாக ஒரு ராட்சசன். எங்கள் இருவரைப் போல எத்தனையோ பேர் மோதித் தோற்றுப்போன இடம். உள்ளே போனோம். கூட்டாளி 'முக்கால்' என்று அடித்தான். கொஞ்ச நேரத்தில் 'பாதி' என்றான். அப்போது ராட்சசனுக்குப் பக்கத்தில் அவனைப் போலவே இன்னொருவன் வந்து நின்றான். நான் புதிதாக வந்தவனை அடித்தேன். அடி விழவில்லை. மறுபடியும் அடித்தேன். எதுவும் ஆகவில்லை.

'அண்ணே, ஏன் காத்த அடிக்கிறீங்க?' என்று கீழே எழுத்து வந்தது. அந்த எழுத்தும் இரட்டையாக வந்தது.

'ரெண்டு பேர் நிக்கிறானுங்களே' என்று அடித்தேன்.

'ஒருத்தன்தாண்ணே நிக்கிறான்.'

எனக்குச் சிரிப்புதான் வந்தது. என் ஆளுக்குப் புதிதாக ஏதோ மாற்றம் வந்து கண்ணைப் பிடுங்கிக்கொண்டது போல, அதனால்தான் இரண்டாகக் காட்டுகிறது என்று நினைத்தேன். 'புது மியூட்டேஷனா?' என்று கேட்டேன்.

 பதில் வந்தது. 'திரைய விடுங்க. உங்க கையப் பாருங்க.'

பிள்ளைகளே, நான் குனிந்து என் கையைப் பார்த்தேன். விசைப்பலகையின் மேல் நான்கு கைகள் இருந்தன.

 தலையைத் தூக்கினேன். மச்சான் இரண்டு பேராக நின்றுகொண்டு சிரித்தான். "இன்னா மாமா, காலைலயே தூங்கி வழிஞ்சிகினு கீற? கண்ணு பாதிதான் தொறந்துகினு கீது. அந்த பெஞ்சுல கொஞ்ச நேரம் படேன்." கண்ணைத் திறந்துதான் வைத்திருக்கிறேன் என்று எனக்கு நினைப்பு. தொட்டுப் பார்த்தேன். இமை தொங்கிக் கிடந்தது. தூக்கினால் மறுபடியும் விழுந்தது.

திரையில் எழுத்து வந்துகொண்டே இருந்தது. 'இமை தூக்க முடியுதா?' 'எச்சி முழுங்க முடியுதா?' 'வயிறு வலிக்குதா?' மச்சான் வாங்கி வைத்திருந்த டீயை எடுத்து ஒரு வாய் குடித்தேன். உள்ளே இறங்காமல் கடைவாய் வழியாகச் சட்டையில் வழிந்தது. மச்சானின் சிரிப்பு நின்றது.

'அண்ணே, தூங்காதீங்க. இது கட்டுவிரியன் கடி. வலிக்கவே வலிக்காது. தரையில படுத்தீங்களா? இருட்டுல எங்கயாவது கால வச்சீங்களா?'

இருட்டில் காலை வைப்பதுதானே என் பிழைப்பு!

ஒரு நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. கணுக்காலில் உரசிய இழை, வயிற்று வலி, எல்லாம். ஆனால் அடுத்த நொடியில் வந்ததுதான் பயம். அதுவரை வந்ததெல்லாம் பயமே இல்லை. கடித்தது இன்னும் அந்தக் குழிக்குள்தானே இருக்கும்? என் மகள் இட்லி சாப்பிட்டு முடித்திருப்பாளே!

"பாப்பா" என்று கத்தினேன். கத்தினேன் என்றுதான் நினைத்தேன். வாயிலிருந்து வந்தது வெறும் உளறல். நாக்கு தடித்துப்போய் வாய்க்குள் சும்மா கிடந்தது. "இன்னா மாமா? இன்னா சொல்ற?" என்று மச்சான் என் தோளைப் பிடித்து உலுக்கினான். எனக்குச் சொல்லத் தெரியும், சொல்ல வாய் இல்லை.

வாய்தான் இல்லை, விரல் இருந்தது. ஒரு கையால் இமையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் அடித்தேன். எழுத்தெல்லாம் இரட்டையாகத் தெரிந்ததால் எது நிஜ எழுத்து என்று தடவித் தடவித்தான் அடிக்க முடிந்தது. 'குழில பாம்பு பாப்பா'. மச்சானின் சட்டையைப் பிடித்து இழுத்து அவன் முகத்தைத் திரைப் பக்கம் திருப்பினேன்.

அவன் படித்தான். செல்போனை எடுத்தான்.

"அக்கா, பாப்பா எங்க?"

என் மனைவி பேசியது எனக்கும் கேட்டது. "தறியாண்டதான் உக்காந்துகினு கீது. இன்னாடா இப்போ?"

"தூக்கு! அவளத் தூக்குக்கா! குழில பாம்பு கீது! பேசாத, தூக்கு!"

போன் கீழே விழுகிற சத்தம் கேட்டது. பிறகு என் மனைவியின் அலறல். அதற்குப் பிறகு எதுவும் கேட்கவில்லை. அவள் மகளைத் தூக்கினாளா, தூக்குவதற்கு முன்பே ஏதாவது ஆகிவிட்டதா, எனக்குத் தெரியாது. அது தெரியாமலேயே என்னை மாடிப்படியில் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள்.

கீழே ஆட்டோக்காரர் ஒருவர் என்னைப் பார்த்துவிட்டு, "படவேடு பக்கம் ஒருத்தர் வேர் கட்டி மந்திரிப்பாரு, கை ராசிக்காரரு. அங்க போலாமா?" என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். மச்சான் ஒரு கணம் தயங்கியது எனக்குத் தெரிந்தது. பிறகு, "வேணாம், பெரியாஸ்பத்திரிக்கு வுடு, ஜல்தி!" என்று கத்தினான். நாங்கள் கடையை விட்டுக் கிளம்பும்போது திரையில் கடைசியாக வந்திருந்த வரியை அவன் படித்திருக்கிறான். 'மந்திரிக்கப் போகாதீங்க, நேரா ஆஸ்பத்திரி.'

ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் என் இமை முழுசாக மூடிக்கொண்டது. கை தூக்க முடியவில்லை. கழுத்து நிற்கவில்லை. ஆனால் எனக்கு எல்லாமே கேட்டது. இதைத்தான் உங்களுக்கு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. வெளியே இருந்து பார்த்தால் நான் மயங்கிக் கிடக்கிறவன். உள்ளே நான் முழு விழிப்போடு உட்கார்ந்திருந்தேன், பூட்டிய அறைக்குள் உட்கார்ந்திருப்பது மாதிரி. ஊசி போட்டது தெரிந்தது. தொண்டையில் குழாய் விட்டது தெரிந்தது. யாரோ ஒருவர், "முடிஞ்சிடுச்சா?" என்று மெதுவாகக் கேட்டார். இல்லை, இருக்கிறேன், இங்கேதான் இருக்கிறேன் என்று சொல்ல எனக்கு ஒரு விரல்கூட அசையவில்லை. மூச்சை இழுக்க நெஞ்சு எழவில்லை. ஒரு நர்ஸ் பலூன் போன்ற பையை அழுத்தி அழுத்தி எனக்காக மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். அந்தக் கை ஓய்ந்தால் நான் இல்லை.

விஷத்துக்கு மருந்து போட்ட பிறகு வேலூருக்கு அனுப்பினார்கள். மூச்சு விடுகிற மிஷின் அங்கேதான் இருந்தது. ஆம்புலன்சில் மச்சானும் ஏறிக்கொண்டான். டாக்டரம்மா அவனிடம், "அவருக்குக் காது கேட்கும்பா. பேசிக்கிட்டே வா" என்று சொன்னார்.

என்ன பேசுவது என்று பாவம் அவனுக்குத் தெரியவில்லை. கொஞ்ச தூரம் வெறுமனே அழுதான். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு என் காதில் சொன்னான். "மாமா, பாப்பாவுக்கு ஒண்ணும் இல்ல. அக்கா தூக்கிட்டா. கால உள்ள வுடறதுக்கு முன்னாடியே தூக்கிட்டா."

அதைக் கேட்டதும் என் மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்ததாம். எனக்குத் தெரியாது, அவன் பிறகு சொன்னான்.

அப்புறம் அவனுக்கு வேறு பேச்சு கிடைக்கவில்லை போல. வண்டி குலுங்கிக்கொண்டு போனது, மழை கூரையில் அடித்தது, பை அமுங்கி அமுங்கி எழுந்தது. திடீரென்று, "மாமா, கால் கீது" என்றான். எனக்குப் புரியவில்லை. "கால்தான் கீது. ஆனா எறங்கல. அப்டியே நிக்குது." கொஞ்சம் கழித்து, "இப்ப கால விட ஜாஸ்தி" என்றான். அந்த விளையாட்டுக் கோட்டைத்தான் சொல்கிறான் என்று அப்போதுதான் புரிந்தது. இல்லாத ஒரு கோட்டைப் பார்த்து வேலூர் போய்ச் சேருகிற வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தான். நான் அந்த வார்த்தைகளைப் பிடித்துக்கொண்டுதான் கிடந்தேன். அவன் பேச்சை நிறுத்தினால் பூட்டிய அறையின் விளக்கும் அணைந்துவிடும் என்று பயம். 'பாதி' என்று அவன் சொன்னபோது வண்டி நின்றது.

பிறகு ஒருநாள், "எதப் பாத்துடா பாதின்னு சொன்ன?" என்று கேட்டேன். "எனக்கு இன்னா தெரியும் மாமா? வாய்க்கு வந்ததச் சொன்னேன்" என்றான்.

மிஷினோடு சில நாள் கிடந்தேன். முதலில் விரல் அசைந்தது, பிறகு இமை. கண் திறந்தபோது என் மகள் ஒருத்தியாகத்தான் தெரிந்தாள். அதற்காகவே அவளைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

வீட்டுக் குழியில் கோணிப்பையைக் கழியால் தூக்கியபோது பாம்பு அதன் அடியில்தான் சுருண்டு கிடந்ததாம். கறுப்பு உடம்பில் வெள்ளை வெள்ளையாக வளையம். ஆற்றில் தண்ணீர் வந்ததும் மேட்டைத் தேடி வந்திருக்கும் என்றார்கள். அதற்கும் பயம்தானே.

இப்போது காலையில் தறிக்கு வரும்போது முதலில் டார்ச் அடித்துக் குழியைப் பார்த்துவிட்டுத்தான் உட்காருகிறேன். உங்களுக்கும் அதைத்தான் சொல்கிறேன். காலில் ஏதாவது பட்டால், வலிக்கவில்லையே என்று விட்டுவிடாதீர்கள். பெரியவர்கள் திட்டுவார்கள் என்று மறைக்கவும் வேண்டாம். உடனே போய்ச் சொல்லுங்கள். எனக்கு என்ன நடந்தது என்று எனக்கே தெரியாமல் இருந்தேன். பார்த்துச் சொல்ல ஆள் இருந்ததால் பிழைத்தேன்.

உடம்பு தேறியதும் கடைக்குப் போனேன். விளையாட அல்ல, கூட்டாளியைப் பார்க்க. அவனுடைய ஆள் அந்தத் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்திலேயே நின்றிருந்தான். நான் 'தம்பி' என்று அடித்தேன். 'வந்துட்டீங்களாண்ணே' என்று மட்டும் வந்தது.

உனக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். அவனுடைய அண்ணன் ஒருநாள் வயல் கொட்டகையில் தரையில் படுத்துவிட்டு விடிகாலையில் வீட்டுக்கு வந்தாராம். எல்லாம் இரண்டு இரண்டாகத் தெரிகிறது என்றாராம். கண் சொருகிக்கொண்டே போனதாம். ராத்திரி பூரா வேலை செய்த அசதி என்று வீட்டில் நினைத்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு அவன் அடித்த வரி இது.

'தூங்கட்டும்னு விட்டுட்டோம்ணே.'

அந்த அண்ணனின் பெயரைக் கேட்க வேண்டும் என்று விசைப்பலகையில் கை வைத்தேன், ஆனால் அடிக்க முடியவில்லை. அவர் பிழைக்காமல் போனதால்தான் நான் பிழைத்தேன் என்று தெரிந்த பிறகு, அவருடைய பெயரை எப்படிக் கேட்பது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.